வலியில்லாத கழுத்து

முள்ளுக்குறிச்சி இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பும்போது, கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று அர்த்தனாரி குனிந்து பார்த்தார். இருந்தது. பார்த்ததால்தான் தெரிந்தது. பின்னால் ஒன்றரை டன் மரவள்ளிக் கிழங்கு. பதினெட்டு வருடமாக மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு இறக்குகிறவர், தன் காலையே கண்ணால் தேடியது அன்றுதான். லோடை இறக்கிவிட்டு வண்டியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மனைவி அம்சவேணியிடம் இடுப்புவலி என்று மட்டும் சொல்லிவிட்டு நாமக்கல் போய் ஸ்கேன் எடுத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“இடுப்புல ஜவ்வு லேசாப் பிதுங்கியிருக்கு. ஆனா உங்க காலுக்கு இது காரணமாத் தெரியல. கை எப்படி இருக்கு?”

“விரலு மரத்தாப்பல இருக்குதுங்க. வேலை செய்யற கைதானேன்னு விட்டுட்டேனுங்க.”

டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளி மேசையை உதைத்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே துள்ளல்.

“அளவுக்கு மீறித் துள்ளுது. கழுத்தை ஸ்கேன் எடுக்கணும். நாளைக்கே வாங்க. வண்டி மட்டும் ஓட்டாதீங்க.”

“கழுத்துல வலியே இல்லீங்களே.”

“சில பேருக்கு வலிக்காது. தண்டுவடம் நசுங்குதான்னு பாக்கணும்.”

பஸ் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பவே பயமாக இருந்தது. மிளகு பறிக்க மரமேறி விழுந்து கழுத்தை முறித்துக்கொண்ட பெரக்கரை ஊர்க் காத்தானை நாலு வருடமாக அவன் பெண்டாட்டிதான் புரட்டிப் படுக்கவைக்கிறாள். வீட்டில், “ஜவ்வுதான்” என்றார். அம்சவேணி நிம்மதியாகத் தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் இன்னும் பயம் வந்தது.

காலையில் நாமக்கல் கிளம்பச் சட்டையை மாட்டினார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. நாலைந்து முறை முயன்றார். நிமிர்ந்தால், அம்சவேணி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏனுங்க, எத்தன நாளா இப்படி?”

“ரெண்டு மாசம் இருக்கும். டாக்டரு கழுத்துலயோ என்னமோங்கறாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “பயமா இருக்குது கண்ணு. காத்தான் மாதிரி ஆயிருவேனோ?”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வண்டி முதலாளி பூபதி. அவளே எடுத்தாள்.

“அவரு இன்னைக்கு வரமாட்டாருங்க. எப்ப வருவாருன்னு தெரியலீங்க.”

போனை வைத்துவிட்டு வந்து அவர் கையை விலக்கினாள். மேலிருந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

“நானும் வாரேன்.”

மூன்றாவது பொத்தான் அவள் விரலிலும் நழுவியது. மறுபடி பிடித்தாள். அவர் தலையை அசைக்காமல் கூரையைப் பார்த்தபடி நின்றார்.