ரசியாவின் சீட்டுக்கு அடியில்

சாவியைத் திருப்பியதும் வைப்பர் ஆடியது. பின்கதவின் பூட்டு தானாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. இஞ்சின் மட்டும் வாயே திறக்கவில்லை.

"பேய் புடிச்ச வண்டி இது," என்றான் ரசியாவின் புருஷன் ஜலீல், டீ டம்ளரோடு வாசலில் நின்று. "பழைய வண்டி வாங்கற மேட்டுப்பாளையத்துக்காரன் மத்தியானம் வந்து இழுத்துட்டுப் போகட்டும். விட்டது சனியன்."

ரசியா மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தாள். பதில் சொன்னால் சண்டை வரும். சண்டை போட அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நேரமில்லை.

கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட்டில் இலை பறித்தவள் அவள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு, மழையில் விறைத்த விரலால் கொழுந்து கிள்ளி, சாக்கைச் சுமந்து சரிவேறியவள். குடும்பத்துக்கென்று இந்தப் பழைய வேனை வாங்கியபோது, ஜலீலுக்கும் முன்பே ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறாள். வண்டி போனால் மறுபடி படுதா. அதில் கேவலம் ஒன்றுமில்லை. முட்டி ரெண்டும்தான் ஒத்துக்கொள்ளாது.

கோத்தகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ட்ரோல் பாக்ஸ் செத்துப்போச்சு, புதுசு வாங்கிப் போடுவதற்கு வண்டியையே தள்ளிவிடலாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் ஜலீல் விற்கக் கிளம்பினான். ரசியா அவனிடம் கேட்காமலேயே, பஜாரில் வண்டி வயரிங் பார்க்கும் நவநீதனுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள்.

"வைப்பர், பூட்டு, ஸ்டார்ட்டர், எல்லாத்துக்கும் உத்தரவு போடறது அந்தப் பெட்டிதானுங்க்கா," என்றான் நவநீதன், பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டே. "பேட்டரி நல்லாருக்குது. ஃப்யூஸும் போகல. பெட்டி செத்துச்சா, சும்மா மயங்கிக் கெடக்குதான்னு பார்க்கணும்."

"பாரு அப்ப."

"பார்க்கறதுக்கு அது எங்க இருக்குதுன்னு தெரியணுமில்லீங்க?"

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். இல்லை. கோயமுத்தூரில் இருக்கும் கூட்டாளிக்கு போட்டோ அனுப்பிக் கேட்டான். டேஷ்போர்டில் இடது பக்க டப்பாவுக்குப் பின்னால் என்று பதில் வந்தது. டப்பாவைக் கழற்றினால் எலி இழுத்துப் போட்ட பஞ்சும் ஒரு மிட்டாய் பேப்பரும்தான் இருந்தன.

"அவன் சொன்னது வேற மாடலுங்க," என்று முனகினான்.

"ஊட்டியில தொலைச்சுட்டுக் குன்னூர்ல தேடறயாப்பா?" என்றான் ஜலீல்.

ரசியா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி யோசித்தாள். "நவநீதா, பூட்டு ஆடறப்ப எல்லாம் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அது எனக்குக் கீழருந்துதான் வர்ற மாதிரி இருக்கும். சீட்டு ஸ்பிரிங்குன்னு விட்டுட்டேன்."

"உன் முட்டியா இருக்கும்," என்றான் ஜலீல்.

"பாய், சித்த சும்மா இருங்க. அக்கா, சாவியைத் திருப்புங்க."

நவநீதன் வேனின் தரையில் காதை வைத்துப் படுத்தான். டிக். டிக். எழுந்தபோது அவன் காது நனைந்திருந்தது.

சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினார்கள். ரப்பர் மேட்டை உரித்ததும் அழுகிய பச்சை நாற்றம் குப்பென்று அடித்தது. அடியில் கறுத்த தண்ணீர். அதற்குள் கறுப்புப் பெட்டி, குட்டையில் ஆமை கிடப்பது போலக் கிடந்தது. சுற்றிலும் நைந்த தேயிலைத் துணுக்குகள்.

"மழைத் தண்ணி இல்லீங்க்கா. இலைத் தண்ணி."

ரெண்டு பேரும் ஜலீலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டம்ளருக்குள் பார்த்தான்.

அவர்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. மழைநாளில் இலையை நனைந்தபடி கொண்டுபோனால் ஃபேக்டரியில் ஈரத்துக்கென்று எடையைத் தாராளமாகக் கழிப்பார்கள். அதனால் சாக்குகளை ராத்திரி முழுக்க நிறுத்தி வடியவிட வேண்டும். வெளியே வைத்தால் தூறல், ஊட்டுக்குள் இடமில்லை. வேனுக்குள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தினான் ஜலீல்.

"எம்மேல மட்டும் பாயாதீங்க," என்றான். "வண்டியை மூக்குக் கீழ இருக்கற மாதிரி நிறுத்தறது யாரு?"

அதுவும் நிஜம். காலையில் கிளம்பாவிட்டால் உருட்டிவிட வசதியாக, ரசியா எப்போதும் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துவாள். பின்னால் வடிந்த தண்ணீர் முன்னால் ஓடி வந்து அவள் சீட்டுக்கு அடியில் தேங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, பாதிப் பழி எனக்கு. போய் பார்லர்ல ஹேர் டிரையர் வாங்கிட்டு வாங்க."

ஜலீல் முனகிக்கொண்டே ஓடினான்.

நவநீதன் பேட்டரி வயரை எடுத்துவிட்டு கனெக்டரைப் பிடுங்கினான். பின்களில் பாசிப் பச்சையாகக் களிம்பு. ஸ்பிரே அடித்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். ஒன்று கையோடு ஒடிந்து வந்தது.

"போச்சு. ஹாரனுக்குப் போற பின்னு."

"அது போனாப் போகுது."

பெட்டியைத் திறந்து, ரசியா தானே டிரையரைப் பிடித்தாள். "ரொம்பச் சூடு காட்டாதீங்க்கா, ஃபேக்டரியில இலையை வறுக்கற மாதிரி வறுத்துராதீங்க," என்றான் நவநீதன். நல்லவேளை, ஓரத்து ஈரம் உள்ளே போர்டு வரை ஏறியிருக்கவில்லை. பிறகு பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, பெட்டிக்கு வரும் வயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்து நிமிர்ந்தான். "பெட்டிக்குக் கரண்ட் வருது. எர்த்து வயருதான் புடிக்காம இருந்துச்சு. பூமி கிடைக்காமத்தான் கண்டபடி ஆடியிருக்குது." எர்த்துக்குப் புது வயர் இழுத்து, பெட்டியை ரப்பர் துண்டு வைத்து உயரத்தில் கட்டினான். "இந்த மழை தாங்கும். அடுத்த மழைக்கு நான் சொல்ல முடியாது."

ரசியா சாவியைத் திருப்பினாள். வைப்பர் அசையவில்லை. பூட்டும் சும்மா இருந்தது. ஸ்டார்ட்டர் ஒரு தரம் இருமி, இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் கியரைப் போட்டு, பனிமஞ்சு இறங்கிய மேட்டில் வண்டியை ஏற்றினாள். வளைவில் நிறுத்தி அணைத்தாள். மறுபடி திருப்பினாள். பிடித்தது.

திரும்பி வந்தபோது ஜலீல் மேட்டுப்பாளையத்துக்காரனோடு போனில் இருந்தான். "இல்லீங்க, வெலைக்காக இல்லீங்க. ஊட்டுக்காரி ஓட்டிட்டிருக்கா. நீங்க மலையேற வேண்டாம்."

போனை வைத்துவிட்டு, பின்னால் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சமையலறைக்குள் கொண்டுபோனான். ஈரம் தரையெல்லாம் சொட்டியது. ரசியா ஒரு பழைய துணியை எடுத்துத் தரையில் போட்டாள். அவள் லைன் வீட்டுச் சுகந்திக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வண்டி வரும். புள்ளைங்களை ரெடி பண்ணு."

"நெசமாவாக்கா? ஜீப்புக்காரன்கிட்டப் பேசலாம்னு இருந்தேன். வந்து ஹாரன் அடிப்பீங்கல்ல?"

"ஹாரன் இல்ல. கத்துவேன், வந்து சேருங்க."