ஆலேசந்திரத்து நேர்ரோடு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் ரோடு, சூளகிரியைத் தாண்டியதும் ஆலேசந்திரம் என்ற சின்ன ஊரில் முன்பெல்லாம் ஒரு வளைவு வளையும். ஊரின் கடைசி வீடு வரை நேராக வந்து, அங்கே எதையோ பார்த்துவிட்டது போல இடப்பக்கம் ஒதுங்கி, ஏரிக்கரை மேட்டைச் சுற்றிக்கொண்டு, பேரிகைக் கிளைப்பாதை பிரியும் இடத்தில் மறுபடி பழைய திசையைப் பிடிக்கும். நேரே போயிருந்தால் கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. சுற்றிப் போனால் வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் ஆகும்.

ஒரு ரோடு ஏன் வளைகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஒன்றுதான். முதலில் போனவன் வளைந்து போனான். பொதிமாடு ஓட்டிக்கொண்டு யாரோ ஒருவன் சேற்றுக்குப் பயந்து மேட்டில் ஏறியிருப்பான். அவன் தடத்தில் வண்டிகள் போயின. வண்டித்தடத்தின் மேல் வெள்ளைக்காரன் தன் பட்டாளம் போவதற்குக் கப்பிக்கல் கொட்டினான். ஒவ்வொருவனும் முன்னால் போனவன் காலடியையே பிடித்துக்கொண்டு போனதில், அந்தச் சேறு காய்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் வளைவு மட்டும் தங்கிவிட்டது. ரோடு அளக்க வந்த ஓவர்சியர் சொன்ன காரணம் இது.

ஊர்க்காரர்கள் சொன்ன காரணம் வேறு. வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் நடுவில் கிடந்தது இடுகாடு. செத்தவர்களுக்குத் திசை தெரியும், திருப்பம் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் பாடையை வளைவு வரை கால் முன்னால் இருக்கும்படி தூக்கி வருவார்கள். அங்கே இறக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்ப் புதைப்பார்கள். எழுந்து வீட்டுக்கு வரலாம் என்று பார்த்தாலும் வழி குழம்பிப் போகும். வளைவு ஊருக்கு ஒரு கதவு மாதிரி.

அந்தக் கதவைத்தான் ஐம்பத்தாறாம் வருஷம் கழற்றி எறிந்தார்கள். ராஜ்யங்களின் எல்லைகளைப் புதிதாக வகுத்த வருஷம் அது. அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் மைசூர், இந்தப்பக்கம் மதராஸ் என்றாலும் லாரிகள் இரண்டுக்கும் நடுவில் ஓயாமல் ஓடின. வளைவுகளில் அவை குடை சாய்ந்தன. எனவே முளை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், பள்ளத்தை மண்ணால் தூர்த்தார்கள். பெரிய கல்லை அடியில் பரப்பி, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் செம்மண், அதன்மேல் தண்ணீர். உருளை எஞ்சின் முன்னும் பின்னும் போய் அதை நசுக்கிய பிறகு, பீப்பாயில் காய்ச்சிய தாரை ஊற்றிப் பொடிக்கல் தூவினார்கள். இடுகாட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு, ஊரின் கடைசி வீட்டுக்கும் பேரிகைப் பிரிவுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கடைசி வீட்டில்தான் செல்லி இருந்தாள். அந்தக் கோட்டுக்கு ஜல்லி சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் பெங்களூரில் ஏதோ தொழிற்சாலைக் கட்டட வேலைக்கு என்று போனவன். போன கொஞ்ச நாளில், பாகலூர் ஆள் ஒருவன் வந்து அங்கே சாரம் சரிந்து ஆட்கள் விழுந்தார்கள் என்று சொன்னான். எத்தனை பேர், யார் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. செல்லி தாலியையும் வளையலையும் போட்டுக்கொண்டே ஜல்லி சுமந்தாள். ஆஞ்சப்பனின் அண்ணன் கங்கப்பனும் அவன் பெண்டாட்டி சென்னம்மாவும் அதே வீட்டில் இருந்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் ஒருநாள் கங்கப்பன் பேச்சை எடுத்தான்.

"செல்லி, வர்ற அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிறலாம்னு இருக்கறன்."

"யாருக்கு மாமா காரியம்?"

"தெரியாத மாதிரி கேக்காத. உசுரோட இருக்கறவன் ஒரு சேதி சொல்லி அனுப்ப மாட்டானா?"

"செத்தவனுந்தான் சேதி சொல்லல."

சென்னம்மா ராகிக் களியைக் கிளறிக்கொண்டே சிரித்துவிட்டாள். "இவ வாய்க்குப் பயந்துதான் அவன் பெங்களூருக்கு ஓடுனான்."

"நீ சும்மா இரு," என்றான் கங்கப்பன். "காரியம் பண்ணாதது வாசல்லயே வந்து நிக்கும். முன்ன வளைவு இருந்திச்சி, காப்பாத்திச்சி. இப்ப என்னா இருக்குது? எம்பொண்ணப் பாக்க வர்றவன் நம்ம வாசல மிதிக்கவே ரோசன பண்றான். அமாவாசைக்கு வளையல ஒடச்சிறணும், அவ்ளோதான்."

கங்கப்பன் பயப்படுவதில் அர்த்தம் இல்லை என்று செல்லியால் சொல்ல முடியாது. அவளே பார்த்திருந்தாள்.

பார்த்தது இதுதான். தார் ரோடு போட்ட முதல் கோடையிலேயே, உச்சிவெயிலில், நேர்ரோட்டின் மறுமுனையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, வேட்டி தெரிந்தது. கால் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் மாதிரி ஏதோ மினுங்கியது. அதன்மேல் மிதந்துகொண்டு, இடுகாட்டுப் பக்கமிருந்து ஊரைப் பார்த்து வந்தார்கள்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. கறுப்புத் தார் வெயிலைக் குடித்துக் கொதிக்கும்போது, அதை ஒட்டிய காற்றும் கொதிக்கும். கொதிக்கும் காற்றுக்குள் தாழ்வாக நுழையும் வெளிச்சம் நேரே போகாமல் மேல்நோக்கி வளைந்துவிடும். தூரத்து ஆளின் காலிலிருந்து கிளம்பும் வெளிச்சம் நம் கண்ணுக்கு வராது. அந்த இடத்தில் வானத்தின் வெளிச்சம் வந்து தரையில் தண்ணீராகத் தெரியும். மண் ரோட்டிலும் கானல் உண்டு. ஆனால் வளைவும் அதன் ஓரத்துப் புளியமரங்களும் இருந்தவரை அவ்வளவு தூரத்தை ஒரே பார்வையில் யாரும் பார்த்ததில்லை. ரோட்டின் வளைவை எடுத்ததும் வெளிச்சம் வளைந்துகொண்டது. அந்த ஆள் நடந்து நெருங்க நெருங்கக் கானல் பின்வாங்கும், முழங்கால் முளைக்கும், பிறகு பாதம் முளைக்கும்.

ஆனால் பாதம் முளைக்கிற வரை ஆலேசந்திரத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. காலில்லாமல் வருவது என்னவென்று குழந்தைக்கும் தெரியும். ஒருத்தி கத்தினாள். எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். வந்தவன் யாரோ வழிப்போக்கன். பூட்டிக் கிடந்த தெருவைப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் நடந்து போயிருப்பான். கதவைத் திறந்து பார்த்தபோது அவன் இல்லை. மறைந்துவிட்டது என்றார்கள். மறுநாளும் யாரோ வந்தார்கள், மறுநாளும் மறைந்தார்கள். அன்றுமுதல் உச்சியில் கதவைச் சாத்துவதும், கூரையின் நிழல் வாசற்படியைத் தாண்டிய பிறகு திறப்பதும் ஊர் வழக்கமாகிவிட்டது. வெளியே யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவை கூப்பிடாமல் பதில் கொடுக்கக் கூடாது. ஆவிக்கு இரண்டு தடவைதான் குரல் வரும்.

செல்லிக்கு மட்டும் அந்த வேளை வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் ஏதும் வரக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். அவள் கதவிடுக்கில் கண்ணை வைத்து, வருகிறதா என்று பார்த்தாள். ஆஞ்சப்பனின் உருவம் வந்தால் அவன் செத்துவிட்டான். வராவிட்டால் எங்கோ இருக்கிறான். வரவில்லை என்பதே ஒவ்வொரு நாளும் அவளுக்கு மிஞ்சியது.

அமாவாசைக்கு முந்தின நாள் கங்கப்பன் காரியத்துக்குச் சாமான் வாங்கச் சூளகிரி போயிருந்தான். உச்சிவேளை. சென்னம்மா கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். செல்லி இடுக்கு வழியாகப் பார்க்க முடியவில்லை. உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே சத்தம் கேட்டது. நடை மாதிரிதான் இருந்தது, ஆனால் நடை இல்லை. ஒரு காலடி. பிறகு எதையோ தரையில் குத்துவது போல ஒரு தட்டல். மறுபடி ஒரு காலடி, ஒரு தட்டல். ரோட்டிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து நின்றது.

"செல்லி."

அவள் எழுந்துவிட்டாள். சென்னம்மா இரண்டு கையாலும் அவள் புடவையைப் பிடித்தாள்.

"அவருதான்க்கா," என்றாள் செல்லி. "அவரு கொரலு."

"கொரலு அவனுதுதான் இருக்கும். பின்ன எங்கொரலிலயா வரும்?" என்றாள் சென்னம்மா. "நடையக் கேட்டியா? ஒத்தக் காலு. மனுசன் ஒத்தக் கால்ல வருவானா? ஓம்புருசன் எப்பிடி நடப்பான், சொல்லு."

செல்லிக்கு அவன் நடை தெரியும். வேகமாக, இரண்டு குதிகாலும் தரையில் மோத நடப்பான். ஏரிக்கரையில் வரும்போதே கேட்கும். இது அது இல்லை.

"செல்லி. கதவத் தொற."

"ரெண்டு," என்றாள் சென்னம்மா. "இன்னொரு தடவ கூப்புடட்டும். நானே தொறக்கறன். மாரியம்மா மேல சத்தியம்."

செல்லி மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. கதவில் ஒரு கை பட்டு, மரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பார்த்து நிற்பது போல வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு காலடி, ஒரு தட்டல். ரோட்டில் ஏறிவிட்ட பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

நிழல் படியைத் தாண்டுகிற வரை சென்னம்மா கதவைவிட்டு நகரவில்லை. நகர்ந்ததும் செல்லி வெளியே ஓடினாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு ஓரத்திலும் அடுத்த வேலைக்காக ஜல்லி குவித்திருந்தார்கள். அவள் கீழே பார்த்தாள்.

கோடையில் உச்சிவெயிலில் தார் இளகி, வெல்லப்பாகின் பதத்துக்கு வந்துவிடும். பொடிக்கல் சரியாகப் பிடிக்காத இடங்களில் நாயின் நகம்கூடப் பதியும். சாயங்காலம் குளிர்ந்ததும் பதிந்தது அப்படியே இறுகிவிடும். ஓரத்தில் ஜல்லி கிடந்ததால் வந்தது ரோட்டின் நடுவிலேயே நடந்திருந்தது. தாரில் ஒரு வலது பாதம், ஐந்து விரலோடு. அதற்குப் பக்கத்தில் இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு குழி, நீளமாக ஒரு இழுப்பு.

செல்லி குனிந்து அந்தக் குழியில் விரலை விட்டாள். கொள்ளிக்கட்டை மாதிரி சுட்டது. அடியில் மரச்சிராய் ஒன்று ஒட்டியிருந்தது. கோல். ஒரு காலை இழுத்துக்கொண்டு, கக்கத்தில் கோல் ஊன்றி நடந்த ஆள்.

சாரம் சரிந்தது. அவன் விழுந்தான். சாகவில்லை.

அவளுக்கு அது ஒவ்வொன்றாகத்தான் புரிந்தது.

"அக்கா! ஆவிக்கு ஏதுக்கா அடி?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "வந்து பாரு! வெறுங்காலுல இந்தத் தாருல நடந்து வந்துருக்கறாரு!"

சென்னம்மா வாசலைத் தாண்டி வரவில்லை. "போவாதடி! உன்னக் கூட்டிக்கினு போவத்தான் தடம் போட்டு வெச்சிருக்குது! இடுகாட்டுக்குத்தான் போவும் பாரு!"

செல்லி நடந்தாள். வந்த தடமும் திரும்பின தடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. திரும்பியதில் கோல் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. இடுகாட்டை நெருங்கியபோது அவளுக்கும் கால் தயங்கியது. அங்கே தடம் திரும்பிவிட்டால்? இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. கள்ளிப்புதர் ஓரத்தில் புதைகுழி மேடுகள் வெயிலில் கிடந்தன. தடம் அந்தப் பக்கம் ஒரு விரற்கடைகூடச் சாயாமல் நேரே போயிற்று. அவளும் போனாள்.

பேரிகைப் பிரிவுக்கு வந்தாள். வளைவு இருந்தவரை பஸ் ஊரில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும், கையைத் தட்டினால் நிற்கும். நேர்ரோடு வந்த பிறகு ஊரைப் பார்க்காமலே பறந்துவிடுகிறது. நிற்பது இங்கேதான். அதனால்தான் அவன் இங்கே இறங்கி நேர்ரோடு முழுக்க நடந்திருக்கிறான். திரும்பியும் நடந்திருக்கிறான். தடம் ரோட்டின் இடப்பக்க ஓரத்தில் முடிந்தது. வண்டிகள் இடப்பக்கமாகப் போகிறவை. ஓசூர்ப் பக்கம் பார்த்து நின்ற ஒரு லாரியின் டயர் பட்டை அங்கே தாரை அழுத்தியிருந்தது. கோலின் கடைசிக் குழிக்கு மேல் எண்ணெய் சொட்டியிருந்தது.

அவன் என்ன நினைத்திருப்பான்? ஊரே கதவைச் சாத்தியிருந்தது. உள்ளே பெண்டாட்டியின் பேச்சுச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். கால் போனவன் வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள் என்றுதான் போயிருப்பான். இனி அவன் வரமாட்டான். நாளைக்குக் கங்கப்பன் வளையலை உடைப்பான். எங்கோ ஓசூரிலோ அத்திப்பள்ளியிலோ அவன் உயிரோடு உட்கார்ந்திருப்பான்.

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து லாரி ஒன்று வந்தது. செல்லி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். ஹாரன் அலறியது. அவள் நகரவில்லை. லாரி அவளுக்கு எதிரே வந்து குலுங்கி நின்றது.

"சாயக்கே பந்தியா? சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" கன்னடத்திலும் தமிழிலுமாக டிரைவர் கத்தினான்.

"கோலு ஊனிக்கிட்டு ஒருத்தரு லாரில போனாரு. எங்க எறங்குனாருன்னு கேக்கணும். என்னையும் ஏத்திக்கிட்டுப் போ அண்ணா."

டிரைவர் அவள் கழுத்தையும் கையையும் பார்த்தான். குரல் இறங்கியது. "ஓசூர் லாரி ஷெட்டுல கேக்கலாம். அங்க கோலு ஊன்றவன் நாலஞ்சு பேரு உக்காந்திருப்பான். யாருன்னு கேக்கறது? பேரு என்னா?"

"எங்க ஊட்டுக்காரரு."

"சரிம்மா. பேரு?"

"கங்கப்பன் தம்பி. ஆலேசந்திரம்."

"அய்யோ, ஆளோட பேரச் சொல்லும்மா. கங்கப்பன அங்க எவனுக்குத் தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னால் அவன் ஆயுசில் ஒரு நாள் போகும் என்பார்கள். சாரம் சரிந்த சேதி வந்த அன்று, அழும்போதுகூடச் சொல்லவில்லை.

"ஆஞ்சப்பன்," என்றாள்.

எஞ்சின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக் குனிந்தான்.

செல்லி படியில் ஒரு காலை வைத்து ஏறி, இன்னொரு தடவை, கத்திச் சொன்னாள்.