இரண்டு அலகு போதும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேரிக்காயிலிருந்து கிடைத்தது. 1984, ஆகஸ்ட் மாதம். கூக்கால் போகும் பேருந்து பூம்பாறையைத் தாண்டியதும் மண்சரிவில் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண்மணி பையிலிருந்து பேரிக்காய் ஒன்றை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். கையில் இருந்தது கத்தி இல்லை. ஒரு சாண் மரக்குச்சி, அதன் முனையில் எஃகுக் குழல், குழலைச் சுற்றிக் கத்தி மாதிரி மூன்று அலகுகள். மற்ற இரண்டும் விரலில் படாமல் ஓர் அலகால் மட்டும் அவர் பழத்தைத் துண்டு போட்டார்.

"இது என்னங்க?" என்றேன்.

"அம்பு முனை. பன்னிக்குன்னு எடுத்துப் பாத்தது. சரிப்படாதுன்னு ஒதுக்கிட்டேன். பழம் நறுக்க ஆகுது."

அவர் பெயர் இசபெல்லா. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டு டீச்சர். சாலையில் மண்ணை அள்ளி வழிவிடும் வரை பேசினார். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நடந்தத எழுதுங்க."

வத்தலக்குண்டில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் கதை எழுதுகிறவன் நான். நடந்ததை எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எங்கெல்லாம் தடுமாறினேன் என்பதையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத அந்த அதிகாலையில், வில்லேந்திய ஒரு பெண்ணின் நெடிய நிழல்…"

(நிறுத்தினேன். பனி விலகாத அதிகாலையில் நிழல் விழாது.)

இரண்டாம் தொடக்கம்: "கணவனின் இரத்தத்துக்குப் பழிவாங்க அவள்…"

(இதையும் அடித்துவிட்டேன். கொடைக்கானலுக்குப் போய்ப் படித்துக் காட்டியபோது இசபெல்லா முகம் சுளித்தார். "பன்னி மேல எனக்கு என்னங்க கோவம்?")

மூன்றாவது இதுதான். அலங்காரம் இல்லை, ஆனால் நடந்தது.

1977 மே மாதம், கூக்காலில் தாடை உடைந்த காட்டுப்பன்றி ஒன்று பட்டப்பகலில் பூண்டு வயல்களுக்குள் வர ஆரம்பித்தது. யாரோ அவுட்டுக்காய் வைத்திருந்தார்கள். வெடிமருந்தைக் கல்லோடு உருட்டி, மேலே கருவாட்டுக் கொழுப்பைப் பூசிக் காட்டோரம் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும். நன்றாக வெடித்தால் அங்கேயே விழும். இந்தப் பன்றிக்கு அரைகுறையாக வெடித்திருந்தது. கிழங்கு தோண்ட முடியாமல், மெல்ல முடியாமல், வலியோடும் பசியோடும் கண்டவர் மீதெல்லாம் பாய்ந்தது. இசபெல்லாவின் கணவர் ஜெபதுரை வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போனபோது அவர் தொடையைக் கிழித்துவிட்டுப் போனது. இருபது தையல். கட்டிலோடு கிடந்தார்.

வன ரேஞ்சர் நல்லுசாமி வந்து பார்த்தார். கொல்வதற்கு மேலிடத்து அனுமதியும் வாங்கித் தந்தார். ஆனால் சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை. சட்டமன்றத் தேர்தல் வருகிறது என்று ஊரிலிருந்த லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்தார்கள். ஆள் அனுப்புகிறேன் என்றார் ரேஞ்சர். ஆள் வரவில்லை. அதற்குள் அந்தப் பன்றி களையெடுக்கப் போன அன்னக்கொடி என்ற பெண்ணை மரத்தில் ஏற்றி, வெயில் சாயும் வரை இறங்கவிடாமல் கீழேயே நின்றிருந்தது.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த இசபெல்லா, பரணிலிருந்து வில்லை இறக்கினார்.

3

வில் வந்த வழியைச் சொல்ல வேண்டும். பள்ளியில் அவருக்கு முன்பு வேலை பார்த்த வெள்ளைக்கார ஆசிரியை ஊருக்குத் திரும்பும்போது விட்டுச் சென்றது. மாணவிகளுக்கு வட்டப் பலகையில் அம்பு விடக் கற்றுக்கொடுக்க இசபெல்லா அதைத்தான் வைத்திருந்தார்; விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கூடவே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் வேட்டைக்கான முனைகள்.

பழகும்போது போடும் முனை ஊசி மாதிரி இருக்கும், குத்தும். வேட்டை முனைக்கு அலகு உண்டு, அறுக்கும். பெரிய விலங்கு அம்பு குத்திய அதிர்ச்சியில் சாவதில்லை. நுரையீரலை அறுத்து ரத்தம் வெளியேறினால்தான் சாகும்; சீக்கிரமாக, அதிக வலியில்லாமல். இதை இசபெல்லா சொன்னபோது போதும் என்று கையைக் காட்டினேன். அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார்.

டின்னில் நான்கு வகை இருந்தன. ஒன்று மடங்கும் அலகு. ரப்பர் வளையத்தில் மடங்கிக் கிடக்கும், உள்ளே போனதும் விரியும். காற்றில் நேராகப் பறக்கும். மற்ற மூன்றும் மடங்காதவை: சிலுவை மாதிரி நான்கு அலகு, மூன்று அலகு, அப்புறம் இலை மாதிரி நீண்ட இரண்டு அலகு.

மடங்கும் முனையைத்தான் அவர் முதலில் ஒதுக்கினார். "உள்ள போயித் தெறக்கும்னு நம்பணும்ல? நம்பிக்கையெல்லாம் ஜெபத்துக்குச் சரி."*

* இந்த வாக்கியத்தை நான் எழுதியதாக என் நண்பர்கள் பாராட்டினார்கள். அவர் சொன்னதுதான்.

4

இங்கே எழுத்தாணியையும் அம்பு முனையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். கட்டிலில் ஒருவர் தையலோடு கிடக்கும்போது அந்தப் பத்திக்கு இங்கே இடமில்லை.

காட்டுப்பன்றியின் தோளில், தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி கெட்டியான பாகம் உண்டு. அதைத் தாண்ட வேண்டும். இசபெல்லாவின் வில் ஆண்கள் இழுக்கும் வில்லைவிட வலு குறைந்தது. அதைவிட இறுக்கமான வில்லை அவரால் இழுத்து நிறுத்தவும் முடியாது. ஆகவே கேள்வி இதுதான்: இருக்கிற வேகத்தில் எந்த முனை ஆழமாகப் போகும்?

அண்டை வயல்காரர் சுப்புராஜ் சாக்கில் ஈர மரத்தூளை இறுக்கி அடைத்துக் கொடுத்தார். அதன்மேல் எருமைத்தோலை இரண்டாக மடித்துக் கட்டினார்கள். மாட்டுக்கொட்டிலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இசபெல்லா எய்தார்.

நான்கு அலகு தோலைக் கிழித்துவிட்டு அங்கேயே நின்றது. மூன்று அலகு நாலு விரற்கடை போனது.

"பாக்கப் பயங்கரமா இருக்கறது அந்த நாலுதான் டீச்சர்," என்றார் சுப்புராஜ். "காயம் பெருசா விழும்ல?"

"தோலோட நின்னுட்டா எவ்வளவு பெருசா இருந்து என்னண்ணே? இன்னொரு அரைகுறைக் காயம்தான்."

இரண்டு அலகு, சாக்கைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்த்தது.

அதோடு முடியவில்லை. அலகு வைத்த அம்பு காற்றில் வேறு மாதிரி பறக்கும். முன்னால் இருக்கும் அலகே இறக்கை போலக் காற்றைப் பிடித்துக்கொண்டு, குறியிலிருந்து அம்பை விலக்கிவிடும். அவருடைய அம்புகள் ஒரு கை அகலம் இடப்பக்கம் போய் விழுந்தன. முனையை நகத்தின் மேல் நிறுத்தி அம்பைச் சுழற்றிப் பார்த்தார். தள்ளாடினால் முனையை ஒட்டியிருந்த மெழுகை உருக்கிக் கழற்றி மறுபடி நேராக ஒட்டினார். தள்ளாட்டம் நிற்கும் வரை அதையே செய்தார். பிறகு கூர் தீட்ட அரம், பிறகு சாணைக்கல், கடைசியில் தோல் வார். சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய வளையம் வெட்டி இழுத்துப் பிடித்து அலகை அதில் வைப்பார். அழுத்தினால் அறுபடுகிற கூர்மை போதாது. பட்டதுமே அறுபட வேண்டும்.

ஜெபதுரை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? ரேஞ்சர் ஆள் அனுப்புவாருல்ல?"

"வந்தா வரட்டும். வர்றதுக்குள்ள இன்னொருத்தரக் குத்துனா?"

"குறி தப்புனா?"

"தப்புற தூரத்துல இருந்து விட மாட்டேன்."

5

ஜெபதுரையை எப்படி எழுதுவது என்பதில்தான் நிறைய நாள் மாட்டிக்கொண்டேன். முதல் படியில் அவர் மனைவியைக் கண்டு பயந்து பேசும் சாதுவான ஆள். இரண்டாம் படியில் வில்லன். இரண்டும் பொய்யாக இருந்தன. நடந்தது இவ்வளவுதான்.

எய்வதற்கு முந்தின நாள் சாயங்காலம். இசபெல்லா இரண்டு அலகு முனைக்குக் கடைசித் தீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இசபெல்லா," என்றார் ஜெபதுரை. "அதுக்கு எடப்பக்கமாப் போ."

"ஏன்?"

"எடது கண்ணு அவிஞ்சு போச்சு. நீ வர்றது தெரியாது."

வாரில் இழுபட்ட அலகு நின்றது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அது பின்னாலேர்ந்து குத்துச்சு, மூஞ்சியவே பாக்கலைன்னுதான ரேஞ்சர்ட்ட சொன்னீங்க?"

வெளியே சுப்புராஜின் மாடு கத்தியது. மறுபடி கத்தியது.

"வெடிச்சப்பப் பாத்தேன்," என்றார் ஜெபதுரை.

(இந்த இடத்தில் இசபெல்லா அழுதார் என்று எழுதியிருந்தேன். "அழலீங்க. குளிர்ல மூக்கு ஒழுகுச்சு" என்றார். அடித்துவிட்டேன்.)

"எத்தன வெச்சீங்க?"

"ஏழு. ஒண்ணுதான் வெடிச்சுது. பூண்டு பூராவும் கெளறிப் போட்டுருச்சு இசபெல்லா. கண்ணு முன்னால அந்த வயலப் பாத்துட்டு…"

"மிச்சம் ஆறும் அங்கனதான் கெடக்கா?"

"ஆமா."

"அன்னக்கொடி அக்கா ஆடெல்லாம் அந்தப் பக்கந்தான் மேயுது."

ஜெபதுரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இசபெல்லா எழுந்தார்.

"இப்பவே சுப்புராஜண்ணன்ட்ட சொல்லிப் பாதைய அடைக்கச் சொல்றேன்."

"எம் பேரச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

சொன்னார். சுப்புராஜ் ஒரு கேள்வியும் கேட்காமல் அருவாளை எடுத்துக்கொண்டு போய், வேலமரக் கிளைகளை வெட்டிக் காட்டுப்பாதையின் குறுக்கே போட்டார். இசபெல்லா வீட்டுக்கு வந்து, பாதியில் விட்ட அலகைத் தீட்டி முடித்தார்.

6

தாடை உடைந்த பன்றி எதைத் தின்னும்? மெல்லத் தேவையில்லாததை. சுப்புராஜின் தோட்டத்தில் பிளம்ஸ் பழங்கள் உதிர்ந்து குழைந்து கிடந்தன. அங்கேதான் அது வெள்ளனே வருகிறது என்று அவர் குளம்படியைக் காட்டியிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் இசபெல்லா கல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காற்று ஊர் ஏரிப் பக்கமிருந்து அவர் முகத்தில் அடித்தது; அவர் வாடை பன்றிக்குப் போகாது. கொஞ்சம் தள்ளி சுப்புராஜ்.

பன்றி வந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து நடந்தது. மூக்கால் பழங்களை ஒதுக்கி உறிஞ்சியது. பாதி வாயிலிருந்து ஒழுகிவிட்டது. மறுபடி உறிஞ்சியது. அதன் இடப்பக்கம்தான் இவருக்குத் தெரிந்தது. ஆனால் முன்னங்கால் பின்னால் மடங்கியிருந்தது, நுரையீரலை மறைத்துக்கொண்டு. இசபெல்லா நாணை இழுக்கவில்லை.

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்றில் பன்றி திரும்பிப் பாய்கிறது. பத்திரிகைகளுக்கு அது பிடிக்கும். ஒன்றில் அம்பு தவறுகிறது. ஒன்றில், அந்த ஒழுகும் வாயைப் பார்த்து மனம் இளகி அவர் வில்லை இறக்கிவிடுகிறார். எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது. சொன்னேன். இசபெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எறக்கியிருந்தா பட்டினி கெடந்து, புழு வெச்சு, அணு அணுவாச் செத்திருக்கும். அதுக்குப் பேரு எரக்கமா?"

ஆகவே நடந்தது: பன்றி அடுத்த பழத்துக்காக முன்னங்காலை முன்னே வைத்தது. இசபெல்லா இழுத்தார், விட்டார்.

பன்றி துள்ளி, வேலங்காட்டுக்குள் ஓடியது. அம்பு அதைத் துளைத்துக் கடந்து அந்தப் பக்கம் சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது.

"ஓடிருச்சே டீச்சர்! வாங்க வெரசா!"

"உக்காருங்கண்ணே. இப்ப வெரட்டுனா, படுக்கப் போறது எந்திரிச்சு ஓடும்."

வெயில் மேட்டைத் தாண்டி மரங்களில் இறங்கும் வரை அவர் சுப்புராஜை அசையவிடவில்லை. அப்புறம் போய் அம்பைப் பிடுங்கினார்கள். அதில் நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம். நுரையீரல்தான். ரத்தத் தடத்தைப் பிடித்து மெல்ல நடந்தார்கள். வாய்க்கால் ஓரத்தில், பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ஓடிய வேகத்திலேயே விழுந்திருக்கிறது. மண்ணில் கால் உதைத்த அடையாளம் இல்லை.

இசபெல்லா குனிந்து அந்தத் தாடையைப் பார்த்தார். நாற்றம் தாங்காமல் சுப்புராஜ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இசபெல்லா பொத்தவில்லை. தாடையில் பதிந்திருந்த சின்னக் கல் ஒன்றை விரலால் நோண்டி எடுத்தார். வீட்டுக்கு வந்து ஜெபதுரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"அது முடிஞ்சுது. இன்னும் ஆறு இருக்கு. எந்திரிங்க."

7

ஜெபதுரை எழுந்தார். தானே ரேஞ்சரிடம் சொன்னார். நல்லுசாமி கேஸ் எழுதினார், எழுதிவிட்டு அவரை மாட்டுவண்டியில் ஏற்றிக் காட்டோரம் வரை கூட்டிப்போனார். தையல் போட்ட காலை இழுத்துக்கொண்டு, கம்பூன்றி, ஒவ்வோர் இடமாக அவர் காட்டினார். இசபெல்லா பின்னாலேயே போனார். கிடைத்த ஒவ்வொன்றையும் ரேஞ்சரின் ஆட்கள் மண்வெட்டியோடு அள்ளித் தண்ணீர் வாளியில் இறக்கினார்கள்.

ஐந்து கிடைத்தன.

ஆறாவதை வைத்த இடத்தில் கருவாட்டு வாசனைகூட இல்லை. நரி தூக்கிப் போயிருக்கலாம். மழை உருட்டியிருக்கலாம். ஜெபதுரை தவறான மரத்தைக் காட்டியிருக்கலாம். அன்று பொழுது சாயும் வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். அப்புறம் ரேஞ்சரின் ஆட்கள் வரவில்லை. கணவனும் மனைவியும் மட்டும் போனார்கள். கால் ஆறிய பிறகு ஜெபதுரை தினமும் போனார். அவர்களுக்குள் முதல் ஒரு வருஷம் பேச்சு குறைவு; அந்தத் தேடலில்தான் பேசிக்கொண்டார்களாம். "அந்தப் புதரப் பாத்தாச்சா?" "பாத்தாச்சு." இப்படி.

ஒரு கதை இங்கே முடிய வேண்டும். பன்றி செத்தது, பயம் போனது, குற்றம் வெளியே வந்தது. என் முதல் படி, "அந்த ஆறாவது வெடி மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாக…" என்று

(எழுதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினேன். எனக்கு எப்படித் தெரியும்?)

இசபெல்லாவிடமே கேட்டேன். "ஏழு வருஷம் ஆச்சே. எத்தனை மழை. கரைஞ்சிருக்காதா?"

"கரைஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் இன்னமும் லீவுக்கு லீவு போய்த் தேடுறீங்க?"

"கரைஞ்சத நான் பாக்கலியே."

இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நரி என்று வைத்தாலும் சரி, மழை என்று வைத்தாலும் சரி. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முடிவு போட்டாயிற்று என்ற தைரியத்தில் ஆட்டையோ மாட்டையோ அந்தப் பக்கம் ஓட்டிவிடாதீர்கள். பாதையின் குறுக்கே வேலங்கிளைகள் போட்டிருக்கும். காய்ந்தவற்றை எடுத்துவிட்டுக் கணவனும் மனைவியும் புதிதாக வெட்டிப் போட்டிருப்பார்கள்.