இடது கையும் வெல்வெட் துணியும்

1

அன்று தையற்கடையில் இருந்தவர்கள் நால்வர்: முதலாளியான என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மருமகள், வெல்வெட் துணியோடு வந்த மேடைப் பாடகி. நான் இல்லை. இல்லாதவன் எழுதலாமா என்று கேட்பீர்கள். இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லித் திரிவதால், குடும்பத்தில் மூத்தவன் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

2

'மருமகளின் இடது கையில் பிறவியிலேயே ஏதோ ஒரு...'

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் அற்புதத்துக்குக் காத்திருப்பீர்கள்.

(இடது கைக்காரர்களுக்குத் தனித் திறமை உண்டா என்று நானும் விசாரித்தேன். உண்டு என்றவர்கள் எல்லாரும் ஒரு கெட்டிக்காரரைக் காட்டினார்கள். சுமாரான இடது கைக்காரரை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.)

3

"அந்த இடது கை யாருதுங்க? அதுதான் என் மேடைக் கோட்டுக்கு இந்தத் துணியை வெட்டணும்" என்றாள் பாடகி.

"நம்ம மருமகதாங்க. அந்தக் கை பட்டா துணியே பேசும்" என்றான் தம்பி. இந்தப் பெருமையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிட்டவன் அவன்தான்.

அவன் மனைவி விடவில்லை. "சாப்பிடும்போது முழங்கை இடிக்குதுன்னு அவளை மேசை ஓரத்துக்குத் தள்ளினதும் இதே வாய்தான்."

மருமகள் துணியைப் பார்த்தாள். ஒரு கோட்டுக்கு மட்டுமே போதும்; கோணினால் மாற்றுத் துண்டு கிடையாது. சுண்ணக்கட்டியால் கோடு போடுவது அவளுக்கு இடது கை. வெட்டுவது வலது கை.

"மாமா, இது வலது கைக்குச் செஞ்ச கத்தரிக்கோல். இடது கையில புடிச்சா கோடே தெரியாது. துணியையும் கவ்வாது."

"சும்மா புடிம்மா. நம்ம மானம் போயிடும்" என்று தம்பி அவள் காதோரம் கெஞ்சினான்.

வெட்டினால் துணி போகும். மறுத்தால் மாமனாரின் வார்த்தை போகும்.

4

முடிவு ஒன்று: இடது கை வெண்ணெயில் இறங்குவதுபோல் வெல்வெட்டில்... அடித்துவிட்டேன். பொய்.

முடிவு இரண்டு: துணி கோணிப்போய், அவள் அழ... இதையும் அடித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணை உங்கள் இரக்கத்துக்காக அழவைக்க மாட்டேன்.

நடந்தது இது. அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"என் கையில ஒரு விசேஷமும் இல்லீங்க. நல்லா வெட்டுவேன், அவ்வளவுதான். அதுவும் வலது கையால. சம்மதம்னா துணியை வெச்சுட்டுப் போங்க."

தம்பி தலை நிமிரவில்லை. பாடகியின் கை துணியின் மேல் இருந்தது.

5

அந்தக் கை துணியை அள்ளியதா, விட்டதா? தம்பி ஒன்று சொல்கிறான், அவன் மனைவி வேறொன்று. மருமகளிடம் கேட்டேன். "அது முக்கியமா பெரிய மாமா?" என்றாள். எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். நீங்கள் அந்த மேசைக்கு எதிரே நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்து, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடமாட்டேன். அவள் இடது கையால் வெட்டி வெல்வெட்டைப் பாழாக்கினாள் என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அவள் பாழாக்கவில்லை. அன்று இடது கையால் எதையும் வெட்டவும் இல்லை.