பகடை விழுந்தால் அடுத்த வரி

ஒசாகாவில் அட்டைப்பெட்டி மடிக்கிற பட்டறை ஒன்றுக்கு மேலே, மாடியில், அந்த வீடியோ கேம் கம்பெனி இருந்தது. வாசலில் பலகை பெரிது. உள்ளே மூன்று மேசை, ஒரு டிவி, முதலாளி இவாகாபே, அவ்வளவுதான். மத்தியானச் சங்கு ஊதியதும் கீழே பெட்டி மடிக்கிற பெண்கள் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். தயாராகிற கேமை ஆடிப் பார்த்துச் சொல்வது அவர்கள்தான். பதிலுக்குச் சூடாகத் தேநீர் கிடைக்கும், கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய காரியம்.

புத்தாண்டுக்கு வீட்டில் காகிதத்தை விரித்து, பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர்ந்து ஆடுகிற சுகோரோகு ஆட்டத்தை இந்த முறை டிவிக்குள் ஏற்றியிருந்தார்கள். நாலு வியாபாரிகள் கடலோரப் பாதையில் நடந்து தலைநகர் சேர வேண்டும். வழியில் செருப்பு அறும், ஆற்றில் வெள்ளம் வரும், சத்திரத்தில் படுத்துத் தூங்கிப்போனால் ஆடுகிற முறை ஒன்று போய்விடும். முறை வந்தவர் பொத்தானை அமுக்கிப் பகடை உருட்டுகிற வரைக்கும் ஒரு பாட்டு ஓடும். பாட்டென்றால் வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். அதைப் போட்டவள் சிஸுரு.

இங்கே வருவதற்குமுன் சிஸுரு ஒரு பெரிய கடையின் ஏழாவது மாடியில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தாள். கச்சேரி இல்லை. விற்க வைத்திருக்கிற ஆர்கனை வாசித்துக் காட்டுகிற வேலை. போகிறவர் கால் நிற்க வேண்டும். நின்றால்தான் விற்கிறவன் பேச்சுக் கொடுக்க முடியும். அதனால் 'இதோ வருது, இதோ வருது' என்று ஆளை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஓர் ஏற்றம் கொடுப்பாள். கையில் பை வைத்திருந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அங்கே வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு. சொந்தமாக அவள் போட்ட முதல் பாட்டு இதுதான். பழகின கை சும்மா இருக்குமா? இதிலும் அதே வித்தையைக் காட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வினை வெளியே வந்தது.

"கியோயே அக்கா, உங்க முறை. அமுக்குங்க," என்றாள் சுயேனோ. இருவரும் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசை.

"இருடி. அந்த ஏத்தம் வரட்டும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"போன தடவையும் நல்லாத்தான இருந்துச்சு."

கியோயே ஒரு கையில் கன்ட்ரோலர், ஒரு கையில் சோறு எடுக்கிற குச்சியோடு, சோற்றை மென்றபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய சிவப்புத் தொப்பி வியாபாரி நட்ட கல்லாக நின்றான். பாட்டு மேலே ஏறி இறங்கியபிறகுதான் பொத்தான் அமுங்கியது. அடுத்து சுயேனோ முறை. பாட்டு மறுபடி முதலிலிருந்து. அவளும் காத்திருந்தாள். சங்கு மறுபடி ஊதும்போது நாலு வியாபாரிகளும் பாதி வழிகூடத் தாண்டவில்லை.

இவாகாபே கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "இவனுங்க தலைநகர் போய்ச் சேர்றதுக்குள்ள அறுபது வயசானவங்களுக்குப் போடுற சிவப்புச் சட்டைய எனக்கு மாட்டிருவாங்க. சிஸுரும்மா, பாட்டு நல்லாருக்கு. அதான் தொந்தரவு. திங்கக்கிழமை சாயங்காலம் கேம் கேசட் அடிக்க அனுப்பணும். அதுக்குள்ள இவங்க கை நகரணும். இல்லன்னா டிக்டிக்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிருவோம்."

"நகர வைக்கிறேங்க," என்றாள் சிஸுரு. எப்படி என்று தெரியாமல்தான் சொன்னாள்.

சனிக்கிழமை பாட்டை வேகமாக ஓடவிட்டுக் காட்டினாள்.

"மாமியா பின்னாடி நின்னு பாத்திரம் உருட்டுற மாதிரி இருக்கு," என்றாள் சுயேனோ.

ஏற்றத்தை வெட்டிவிட்டுக் காட்டினாள். கியோயே கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். "ஊறுகாய எடுத்துட்டு வெறுஞ்சோத்த நீட்டுறியே தாயீ."

முதலாளி சொன்ன டிக்டிக்கையும் போட்டுப் பார்த்தார்கள். பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எல்லோரும் கடனே என்று ஆடினார்கள். ஆனால் கை என்னவோ நகர்ந்தது. இவாகாபே அதைக் கவனித்துவிட்டுப் போனார்.

பெண்கள் இறங்கிப் போனபின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவக் கீழே கொண்டுபோனாள். குழாய் பட்டறைக்குள்ளே இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே தன் பாட்டு காதில் விழுந்தது. கியோயே முனகிக்கொண்டே பெட்டி மடித்தாள். ஒரு வரி முனகுவாள், பெட்டி முடியும். அடுத்த அட்டை எடுத்தால் அடுத்த வரி. ஓர் அட்டை முரண்டு பிடித்தது. அது மடிகிற வரைக்கும் பழைய வரியையே சுற்றிச் சுற்றி முனகினாள். மடிந்ததும் பாட்டு ஒரு படி மேலே போனது. பெட்டிக்குப் பெட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கவே இல்லை.

சிஸுரு குழாயை மூடவில்லை. ஈரக் கையோடு மாடிக்கு ஓடினாள்.

கணக்கெல்லாம் எழுதி இயந்திரத்துக்குப் புரிய வைக்கிறவன் ஹமஜிமா. அவன் மேசைக்கு முன் போய் நின்றாள். "ஹமஜிமா தம்பி, கேசட்ல இடம் இருக்கா?"

"இடமா? ஒரு எறும்பு உக்காரணும்னா இன்னொரு எறும்ப எந்திரிக்கச் சொல்லணுங்க்கா."

"புதுசா எதுவும் வாசிக்கப் போறதில்ல. ஒருத்தர் முறையில ஒரு வரிதான் ஓடணும், சுத்திச் சுத்தி. அவங்க பகடை போட்டாத்தான் அடுத்த தடவை அவங்களுக்கு அடுத்த வரி. யார் எந்த வரியில நிக்கிறாங்கன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். நாலு பேருக்கு நாலு எள்ளு இடம்."

அவன் திரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "சத்திரத்துல தூங்குறவனுக்கு ஒரு குறட்டை வெச்சிருக்கேன். அத எடுத்தா வரும்."

"எடுத்துரு."

"நல்ல குறட்டைக்கா அது. எங்கப்பாவோடது."

"அப்பா கேக்க மாட்டாரு. எடுப்பா."

திங்கட்கிழமை மத்தியானம் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். இவாகாபே கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கியோயே வழக்கம்போல் கண்ணை மூடினாள். ஒரு வரி வந்தது. மறுபடி அதே வரி. கண்ணைத் திறந்தாள்.

"என்ன, ஏற மாட்டேங்குது?"

"பகடை போடுங்க, ஏறும்," என்றாள் சிஸுரு.

போட்டாள். கன்ட்ரோலர் கை மாறி, பொரித்த மீன் எண்ணெயோடு அவள் மடிக்கே திரும்பி வந்தபோது இரண்டாம் வரி காத்திருந்தது. கேட்டாள், அமுக்கினாள். அதன்பின் யாரும் நிற்கவில்லை. "சீக்கிரம் போடுடி, என் வரி காத்துக்கிட்டிருக்கு" என்று ஒருத்தியை ஒருத்தி விலாவில் இடித்தார்கள். யோசிக்காமல் அமுக்கியதில் சுயேனோவின் வியாபாரி வெள்ளத்தில் போய் விழுந்தான். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

முதலில் தலைநகர் சேர்ந்தது கியோயே. சேர்ந்தவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏத்தத்துக்கு இன்னும் ஒரு வரி இருந்துச்சே. அதுக்குள்ள என்னை ஜெயிக்க வெச்சுட்டீங்களே."

பின்னால் தவழ்ந்து வந்த சுயேனோவுக்குத்தான் அந்த வரி வந்தது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு அதைக் கேட்டு ரசித்தாள். "ஜெயிச்சவங்களுக்கு ஊர், தோத்தவளுக்குப் பாட்டு. உங்க வேலையப் பாருங்கக்கா."

"இன்னொரு ஆட்டம் போடு. இந்தத் தடவை நான் தோக்குறேன்."

கீழே சங்கு ஊதியது. எல்லோரும் இவாகாபேயைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கேசட்டைப் பெட்டியில் வைக்கச் சொல்லி ஹமஜிமாவுக்குக் கை காட்டினார்.

"பாட்டோடயா?" என்றான் அவன்.

"பின்ன? குறட்டையோடயா?"

சிஸுரு கோப்பைகளை அடுக்கித் தட்டில் எடுத்துக்கொண்டாள். முன்னால் படியிறங்கிய கியோயே மூன்றாம் வரியை முனகிக்கொண்டே போனாள். கடைசிப் படியில் கால் வைத்தபின்தான் நாலாவது வரியை எடுத்தாள்.