திலகாவின் கவாத்து

கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியைத் திலகாவிடம் கொடுத்துவிட்டால் போதும், தேயிலைச் செடிகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, எஸ்டேட்டிலேயே அப்படியொரு கை கிடையாது. அந்தக் கைதான் அவளை மாட்டிவிட்டது.

தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து மழைக்கு மழை செம்மண் சரிந்து அடுப்படிவரை வந்துகொண்டிருந்தது. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கனி, மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று கடை வாசல் தொட்டியிலிருந்து ஒரு கொடியைக் கிள்ளிக் கொடுத்தார். வெள்ளை ஓரம் போட்ட இலை. எந்த மாதமும் உதிராது. மூன்றே வருடத்தில் மேடு முழுக்கப் படர்ந்து, வேலிக் கம்பிலும் ஏறிக்கொண்டது. திலகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அளவு மீறியபோது வெட்டினாள். வெட்டியதை, தேயிலைக் காட்டில் செய்வதுபோல் மண்ணுக்கு உரமாகட்டும் என்று அங்கேயே விட்டாள். அடிப்பாவி! தேயிலைக் குச்சி மக்கும், இது மக்குமா? கணுவுக்குக் கணு வேர்விட்டு, வாய்க்காலைத் தாண்டித் தேயிலைக்குள் புகுந்துவிட்டது.

கங்காணி திருச்செல்வம் வந்து நின்றார்.

“திலகா, சனிக்கிழமை துரை வர்றாரு. தேயிலையில ஒரு கொடி இருந்தாலும் மேட்டுக்கும் சேத்து களை மருந்தடிக்கச் சொல்லிட்டாரு லா.”

தினமும் வேலை முடிந்ததும் திலகா புருஷன் தங்கராஜுவை இழுத்துக்கொண்டு நான்கு நாள் செடி செடியாகத் தேடினாள். பிடுங்கியதையெல்லாம் தகரக் கூரையில் போட்டுக் காயவிட்டாள்.

சனிக்கிழமை துரை ராதாகிருஷ்ணன் தேயிலைக்குள் நடந்தார். எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் போன திலகாவின் கண்ணில் பட்டது, ஒரு செடியின் தூரடியில் விரல் நீளக் கொடி. மிதித்துக்கொண்டு நின்றிருக்கலாம். மனசு கேட்கவில்லை, பிடுங்கி நீட்டினாள்.

“தொர, இன்னும் ஒண்ணு இருக்கு. நான்தான் வெட்டிக் கீழ போட்டுட்டேன், தேயிலைக் கவாத்து ஞாபகத்துல.”

துரை அதை வாங்கிப் பார்த்தார், மேட்டையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“மேட்டுல மண்ணு சரியாம நிக்கிதே. சரி, இருக்கட்டும். ஆனா வாரா வாரம் நீங்கதான் வெட்டணும். ஒரு துண்டுகூட தரையில விழக்கூடாது.”

மறுநாளே சாக்கும் கையுமாக நின்ற தங்கராஜு முனகினான்.

“ஆறு நாளும் கத்தி, ஞாயித்துக்கிழமையும் கத்தியா? ஒனக்கு அலுக்கவே அலுக்காதா?”

“அது கம்பெனி செடி. இது என் செடி லா,” என்றாள் திலகா. “சாக்க நல்லா விரிச்சுப் புடி.”