மெஷின் நின்ற இரவு

அப்பாவின் உடலைக் கொண்டுபோன வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மகள் உள்ளே ஓடி, மூச்சு மெஷினைப் பெட்ஷீட்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நின்றுபோகும். இதயமும் பலவீனம். முகமூடி மாட்டிக்கொண்டு, மெஷின் தள்ளுகிற காற்றில்தான் பல வருஷமாகத் தூங்கினார். அது பழசானதும் நடுநடுவே தானாக நின்றது. அந்த மாடலே கோளாறு என்று கம்பெனி ஒப்புக்கொண்டு, பழுதுபார்த்துத் தருகிறோம், இல்லையென்றால் நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. அண்ணன் பழுதுபார்க்கக் கொடுத்தான். போன மாதம் திரும்பி வந்தபோது மேல்மூடி மட்டும் பளபளவென்றிருந்தது. துடைத்துக் கொடுத்துவிட்டுக் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று அவள் அப்போதே போனில் சண்டை போட்டாள்.

நேற்றுக் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. மெஷின் நின்றிருந்தது. ஊரிலிருந்து வந்து இறங்கியவள் முதல் வேலையாகப் புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். அப்பாவைக் கொன்றது கம்பெனிதான் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அண்ணன் மேலும் அவளுக்குச் சந்தேகம். வந்ததிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெஷினை விடு, இப்போது எதற்கு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். கம்பெனிக்காரன் எதையாவது கொடுத்து வாயை அடைத்திருப்பானோ? நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்தார். அவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்ததும், வந்த வேலையைப் பாருங்கள் என்றாள். சாப்பாட்டு மேஜையில் மெஷினை வைத்து, கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் ஒரு போட்டோ, வைத்தால் ஒரு போட்டோ. மனிதர் ஒயரை மாட்டி லேப்டாப்பை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், இது தானா நிக்கல. படுத்துக் கொஞ்ச நேரத்துல யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க. அப்புறம் போடவே இல்ல."

"அப்படித்தான் சொல்லுவீங்க. உங்க மெஷின், உங்க லேப்டாப்."

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் மேஜையையே வெறித்துக்கொண்டிருந்தான். அப்பா அறைக்கு அடுத்த அறை அவனுடையது. மெஷின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று எத்தனை முறை புலம்பியிருக்கிறான். கம்பெனி ஆள் நிலைமை புரிந்து, போன் பேசுகிற சாக்கில் வாசலுக்கு நகர்ந்தார்.

"நீயாண்ணா?"

அவன் அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினான்.

"அவனை விடு," என்றாள் அம்மா, அறை வாசலில் நின்று. "நான்தான் ஆஃப் பண்ணேன்."

முகமூடி மாட்டினால் அப்பாவால் பேச முடியாது. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாமே என்றாராம். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மெஷினை அணைத்த அம்மா, பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிவிட்டாள். இதை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மகளுக்கு ஆத்திரம் பொங்கியது. அதை யார் மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"அப்படி என்னம்மா பேசினாரு?"

"பெரிசா ஒண்ணுமில்ல. பின்பக்கக் குழாய் ஒழுகுது, வாஷர் மாத்தணும்னாரு. நான் 'ம்' கொட்டிக்கிட்டே இருந்தேன்." அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப பேச்சை நிறுத்தினாருன்னு தெரியல."

கம்பெனி ஆள் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மேல்விசாரணைக்கு அனுப்பலாம், நஷ்ட ஈட்டுக்கு அதுதான் வழி, ஆனால் வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்றார்.

"வேண்டாம்," என்றாள் மகள். "அப்பாவேதான் ஆஃப் பண்ணிக்கிட்டாரு. அப்படியே எழுதிக்குங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார்.

"ஆமா சார். அவரேதான்."

அவர் போன பிறகு அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள் அம்மா. மகள் 'ம்' என்றாள். எதிர்வீட்டுப் பாத்திரம் ஒன்று இங்கேயே கிடக்கிறது என்றாள். அதற்கும் 'ம்' என்றாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

மகள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்?"